யாரும் தோத்தானுக்குப் போகவில்லை



இந்த இதழில் எழுப்புதலைக் குறித்து எழுதுவதாகத்தான் சொல்லியிருந்தேன். ஆனால் ஜெபத்தில் முழங்கால் போட்ட ஒவ்வொரு நாளும் ஆவியானவர் என்னை ஆதியாகமம் 37-ஆம் அதிகாரத்துக்கே திருப்பினார். ஆகவே உங்கள் வேதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

யோசேப்பின் சரித்திரம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சொப்பனம், குழி, சிறைச்சாலை, சிங்காசனம்! "குழியிலிருந்து சிங்காசனத்துக்கு" என்று எத்தனை கன்வென்ஷனில் நானே பிரசங்கித்திருக்கிறேன். சபையே எழும்பி அல்லேலூயா சொல்லும். ஆனால் குழிக்கும் சிங்காசனத்துக்கும் நடுவிலே ஒரு வியாபாரம் நடந்ததே, அதை மட்டும் நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். 17 வயதுப் பையன். விலை 20 வெள்ளிக்காசு. வாங்கினவர்கள் எகிப்துக்கு வாசனைச் சரக்கு ஏற்றிக்கொண்டு போன வியாபாரிகள். சரக்கோடு சரக்காக அவனையும் ஒட்டகத்தின் பின்னாலே நடத்திக்கொண்டு போனார்கள். விற்றவர்கள் யார்? வழிப்பறிக் கள்ளரா? இல்லை. ஒரே பந்தியில் சாப்பிட்டு வளர்ந்த சொந்த அண்ணன்மார்!

25-ஆம் வசனத்தைப் பாருங்கள். தம்பியைக் குழியில் தள்ளிவிட்டு அவர்கள் என்ன செய்தார்கள்? உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உள்ளேயிருந்து அவன் கெஞ்சின சத்தம் அவர்களுக்குக் கேட்டது. கேட்டது என்று பிற்பாடு அவர்களே ஒத்துக்கொள்ளுகிறார்கள் (ஆதி. 42:21). கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.

பிரியமானவர்களே, ஆள் கடத்தல் என்றவுடனே நம் மனதில் என்ன வருகிறது? கறுப்புக் கண்ணாடி வேன், மயக்க மருந்து தடவின கைக்குட்டை, பிள்ளை பிடிக்கிறவன். அது சினிமாக்காரன் நமக்குக் கொடுத்த படம். அப்படி நடப்பதே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம் ஊர்களிலே பெரும்பாலும் நடக்கிறது வேறு மாதிரி. தெரிந்த ஆள் ஒருவர் வீட்டுக்கு வருவார். திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். கஷ்டத்தை விசாரிப்பார். மடியிலிருந்து முன்பணத்தை எடுத்து எண்ணிக் கொடுப்பார். பிள்ளை நல்ல துணி உடுத்தி, பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் கை காட்டிவிட்டு பஸ் ஏறும். அழுகிறது கூட சந்தோஷ அழுகையாகத்தான் இருக்கும்.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. நானே ஜெபம் பண்ணி ஒரு பிள்ளையை அனுப்பி வைத்தவன்.

2008-ஆம் வருஷம். எங்கள் சபையில் விதவையான ஒரு தாயார். மகளுக்கு 16 வயது, பத்தாவது பாஸ். பக்கத்து ஊரிலிருந்து ஓர் அக்கா அந்த வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தாள். நம் வீட்டுக்கூட்டத்திலும் இரண்டு தரம் உட்கார்ந்து கண்ணீரோடு ஜெபித்தவள்தான். "பஞ்சு மில்லுல வேலை இருக்கு. தங்குற இடம், சாப்பாடு எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க. 3 வருஷம் முடிஞ்சா மொத்தமா 40,000 ரூபாய் கைக்கு வரும், கல்யாணத்துக்கு ஆச்சு" என்றாள். அந்த வருஷங்களில் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பலவற்றில் இது நடந்தது. சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று மங்களகரமான பெயர்கள் வேறு! வரதட்சணை என்கிற நம்முடைய பாவம் இருக்கிறதே, அதன்மேல் அஸ்திபாரம் போட்டுக் கட்டின வியாபாரம் அது. (நம் சபைக் கல்யாணங்களில் வரதட்சணையே இல்லை என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.)

அந்த ஞாயிறு ஆராதனை முடிவில் பிள்ளையை முன்னால் அழைத்தேன். தலையில் கைவைத்து, "ஆண்டவர் திறந்த வாசல்" என்று சொல்லி ஜெபித்தேன். சபையார் ஆமென் சொன்னார்கள். மில்லின் பெயர் என்ன, எந்த ஊர், யார் பொறுப்பு, ஒன்றும் நான் கேட்கவில்லை. ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வைக்கவில்லை.

2 வருஷம் 4 மாதம் கழித்து அந்தப் பிள்ளை திரும்பி வந்தது. ஆள் பாதியாகிவிட்டது, விடாத இருமல். நாளுக்கு 12 மணி நேர வேலை, ஆள் குறைந்தால் அடுத்த ஷிஃப்டும் சேர்த்து நிற்க வேண்டும். விடுதி கேட்டில் பூட்டு. வாரத்துக்கு ஒரு தரம் போன், அதுவும் வார்டன் பக்கத்தில் நிற்கும்போது. 3 வருஷம் முடியவில்லை என்று சொல்லி அந்த 40,000 ரூபாயையும் கொடுக்கவில்லை. நம் அக்காவுக்கு மட்டும் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் முன்னமே கைக்கு வந்திருந்தது.

பல வாரம் அந்தப் பிள்ளை சபைக்கு வரவில்லை. நானும் பாஸ்டரம்மாவும் வீட்டுக்குப் போனோம். வெகு நேரம் தலை குனிந்தே இருந்தவள் கடைசியில் சொன்னாள்: "முதல் மாசமே ஓடி வந்துடலாம்னு இருந்தேன் பாஸ்டர். சுவர்கிட்ட ஒரு இடமும் பார்த்து வெச்சிருந்தேன். நீங்க ஜெபம் பண்ணி அனுப்புனீங்களே, இது தேவ சித்தமா இருக்குமோன்னு நினைச்சு இருந்துட்டேன்."

பாஸ்டரம்மா அழுதுவிட்டார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

இப்போது மறுபடியும் ஆதியாகமத்துக்கு வருவோம். யோசேப்பை அனுப்பினது யார்? யாக்கோபு! நல்ல மனதோடுதான் அனுப்பினார். அண்ணன்மார் சுகமாயிருக்கிறார்களா என்று பார்த்து வரச் சொல்லி எபிரோனிலிருந்து அனுப்புகிறார். பையன் சீகேமில் வழி தெரியாமல் அலைகிறான், ஒரு மனுஷன் தோத்தானுக்கு வழி காட்டுகிறான். சில நாளில் அந்த அழகான அங்கி இரத்தத்தோடு தகப்பன் கைக்கு வருகிறது. இது உங்கள் மகனுடையதா பாருங்கள் என்று கேட்கிறார்கள். துஷ்டமிருகம் கொன்றது என்று அண்ணன்மார் அவரிடம் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? யாக்கோபு தாமாகவே அந்த முடிவுக்கு வந்துவிடுகிறார். வஸ்திரத்தைக் கிழித்து, இரட்டுடுத்தி, அநேக நாள் துக்கங்கொண்டாடினார். அந்தக் கண்ணீர் பொய்யான கண்ணீர் அல்ல. ஆனால் அவர் தோத்தானுக்குப் போகவில்லை. ஒரு வேலைக்காரனையும் அனுப்பி விசாரிக்கவில்லை. சீகேமில் வழி சொன்ன அந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பையன் உயிரோடு தோத்தானை நோக்கிப் போனான் என்கிற மட்டும் தெரிந்திருக்கும். போனபோது 17 வயது, பார்வோனுக்கு முன்பாக நின்றபோது 30. அப்புறம் செழிப்பான 7 வருஷம், பஞ்சத்தில் 2 வருஷம். கூட்டிப் பாருங்கள். 22 வருஷம் அழுதார், ஒரு நாளும் விசாரிக்கவில்லை!

நடுவிலே ரூபன் என்று ஒருவன். தம்பியைத் தப்புவிக்க வேண்டுமென்று உண்மையாகவே நினைத்தவன். திரும்பி வந்து குழியைப் பார்க்கும்போது வியாபாரம் முடிந்துவிட்டது. நம் சபைகளில் ரூபன்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். நானும் அந்தக் கூட்டம்தான்.

"பாஸ்டர், அவங்களே சம்மதிச்சுத்தானே போறாங்க, யாரும் கட்டி இழுத்துட்டுப் போகலியே?" என்று கேட்கிறவர்கள் உண்டு. சட்டம் எழுதினவர்களுக்கு இந்தக் கேள்வி தெரிந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு ஆள் கடத்தலைப் பற்றியது. மிரட்டியோ, ஏமாற்றியோ, பணத்தால் தூண்டியோ ஒருவரைச் சுரண்டலுக்காக ஆள் சேர்த்தால், அவர் சம்மதித்தார் என்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை. குறைந்தது 7 வருஷம், 10 வருஷம் வரை சிறை. பிள்ளையானால் குறைந்தது 10 வருஷம், ஆயுள் வரைக்கும் போகும். ஆள் சேர்த்தவன், ஏற்றிக்கொண்டு போனவன், தங்க வைத்தவன், வாங்கிக்கொண்டவன், யாரும் தப்ப முடியாது. உடல் வியாபாரத்துக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். கொத்தடிமை வேலைக்கும் இதுதான்.

கொத்தடிமை என்றால் அது தாத்தா காலத்துச் சமாச்சாரம் என்றும் நினைக்க வேண்டாம். 2019 ஜூலை மாதம் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டுகிற இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். பெரும்பாலும் இருளர் ஜனங்கள், குழந்தைகளும் இருந்தார்கள். வயதான ஒரு பெரியவர் அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட படம் பத்திரிகைகளில் வந்ததே, நினைவிருக்கிறதா? சொற்பக் கடனுக்காக வருஷக்கணக்காகப் பிடித்து வைக்கப்பட்டவர்கள். திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளிலோ ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். எங்கும் ஒரே தந்திரம்தான். முதலில் முன்பணம். பிறகு அரிசிக்கு, மருந்துக்கு, துணிக்கு என்று முதலாளியின் நோட்டில் கணக்கு ஏறும், ஆனால் இறங்காது. "கணக்கை முடிச்சிட்டுப் போ" என்பார்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் அவர்கள் பெட்டியில் இருக்கும். குடும்பமாக ஊருக்குப் போக விடமாட்டார்கள், போனால் ஒருவரை இங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், அல்லது இருக்கிறவர்களைத் தெரிந்திருந்தால், நன்றாய்க் கேளுங்கள். 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி அந்தக் கடன் செல்லாது. ஒரு ரூபாய்கூடத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கலெக்டரிடமோ ஆர்.டி.ஓ.விடமோ மனுக் கொடுங்கள். விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கொடுப்பதற்கும் அரசுத் திட்டம் உண்டு. "பட்ட கடனைக் கொடுக்காமப் போனா பாவமில்லையா பாஸ்டர்?" என்று ஒரு சகோதரன் என்னிடம் கேட்டான். மகனே, நீ உழைத்துக் கொடுத்ததை யாராவது நேர்மையாகக் கணக்குப் போட்டால், அவன்தான் உனக்குக் கடன்காரன்!

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்பதும் பொய். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம் என்று நம்பிப் போன பட்டதாரிப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, போனிலும் இன்டர்நெட்டிலும் ஜனங்களை ஏமாற்றுகிற வேலையில் உட்கார வைத்தார்கள். மறுத்தவர்களுக்கு அடியும் மின்சார ஷாக்கும். 2022 அக்டோபரில் தமிழ்ப் பிள்ளைகள் 13 பேர் அங்கிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 500-க்கும் அதிகமான இந்தியரை விமானப்படை விமானங்களில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. இந்தப் பிள்ளைகளின் தாய்மார் எத்தனை பேர் சபையில் நின்று, "என் மகனுக்கு ஃபாரின் வேலை கிடைச்சிருக்கு, ஸ்தோத்திரம்" என்று சாட்சி சொல்லியிருப்பார்கள்!

ஆவி நிறைந்தவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகுமா என்று கேட்கலாம். படாமல் போகும். ஜான் நியூட்டனைப் பாருங்கள். 1748-இல் கடும் புயலில் கப்பல் மூழ்கப்போகிறபோது ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டவர். அந்த நாளைத் தன் மனந்திரும்புதலின் நாளாகக் கடைசிவரை நினைத்திருந்தார். அதற்குப் பிறகு வேலையை விட்டாரா? இல்லை! அடிமை வியாபாரக் கப்பலின் கேப்டனாகி, 1754 வரைக்கும் ஆப்பிரிக்க ஜனங்களைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுபோய் விற்றார். மேல்தளத்தில் ஜெபக்கூட்டம் நடத்துவார், கீழ்த்தளத்தில் மனுஷர் சங்கிலியில் கிடப்பார்கள். அந்த வியாபாரத்தைக் கண்டித்து அவர் வெளிப்படையாகப் புத்தகம் எழுதினது 1788-இல்தான். இரட்சிக்கப்பட்டு 40 வருஷம்! அந்த மனுஷனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் மேல்தளமும் அப்படித்தான் இருந்தது.

இன்னொரு பேச்சும் உண்டு: "ஆத்துமாவை இரட்சிக்கிறதுதான் நம்ம வேலை, இதெல்லாம் போலீஸ்காரங்க பார்த்துக்குவாங்க." அப்போஸ்தலர் 16-ஐ நாம் எப்படி வாசிக்கிறோம்? நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடினார்கள், சிறைச்சாலை அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. அல்லேலூயா! ஆனால் அவர்கள் ஏன் சிறைச்சாலைக்குப் போனார்கள்? ஓர் அடிமைப் பெண். அவளைப் பிடித்திருந்த குறிசொல்லுகிற ஆவியை வைத்து அவளுடைய எஜமான்கள் காசு பார்த்தார்கள். பவுல் அந்த ஆவியைத் துரத்தினார். எஜமான்களுக்கு ஆவி போனது துக்கமில்லை, வருமானம் போனதுதான் துக்கம். பிடித்துக்கொண்டு போய் அதிகாரிகளிடம் நிறுத்தினார்கள். அந்த நடுராத்திரிப் பாட்டு அங்கேயிருந்துதான் வந்தது.

நம் நாட்டிலேயே ஒன்று சொல்லுகிறேன். 1901-ஆம் வருஷம் திருநெல்வேலிச் சீமையில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காக வைக்கப்பட்டிருந்த 7 வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி வந்தாள். பண்ணைவிளையில் அவளைக் கண்ட ஒரு கிறிஸ்தவப் பெண்மணி ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் கொண்டுவந்து விட்டார். டோனாவூர் ஊழியத்தின் ஆரம்பம் அதுதான். ஏமி அம்மையாரைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். நான் அந்தப் பெண்மணியை நினைக்கிறேன். இருட்டின நேரத்தில் தனியாக நின்ற பிள்ளையைப் பார்த்து, "நீ யாரு பாப்பா, எங்கேருந்து வர்றே?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார், அவ்வளவுதான்.

எங்கள் சபையில் இப்போது பின்பக்க மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் ஜெபிக்கிறதற்கு முன்னால் அதில் எழுத வேண்டும். வேலை கொடுக்கிறவர் பெயர், முழு விலாசம், ஏற்பாடு செய்த ஆள் யார், முன்பணம் வாங்கியாயிற்றா, எவ்வளவு. வெளிநாடானால் என்ன விசா என்று கேட்போம். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகிறது என்று ஒன்று கிடையாது. ஏஜென்ட்டுக்கு மத்திய அரசின் பதிவு எண் இருக்க வேண்டும். 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் அவர் வாங்கலாம், அதற்குமேல் கேட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, விசாரிக்கலாம். ஆதார், பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். போனில் பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு பேச வேண்டி வந்தால், ஆபத்து என்று தெரிவிக்க ஓர் அடையாள வார்த்தையும் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த வார்த்தையை இங்கே எழுத மாட்டேன், வாசிக்கிறவர்களில் புரோக்கரும் இருக்கலாமே! பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112. இந்த மூன்று எண்ணையும் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்தோடு சேர்த்துச் சொல்ல வைக்கிறோம்.

ஆனால் நோட்டு மட்டும் போதாது என்று சகோதரிகள்தான் எனக்குச் சொன்னார்கள். முன்பணம் வாங்குகிற வீட்டில் அன்றைக்கு அரிசி இல்லையே! 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில் தேவனுக்குப் பயந்த ஊழியக்காரனின் மனைவி. புருஷன் செத்துப்போனான், கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கிக்கொள்ள வாசலில் நிற்கிறான். எலிசா அவளைப் பார்த்து, வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பிறகு அக்கம்பக்கத்தில் காலிப் பாத்திரம் வாங்கச் சொன்னார். எண்ணெயைப் பெருகப் பண்ணினது கர்த்தர். பாத்திரம் கொடுத்தது அக்கம்பக்கத்தார். கொடுக்கிற பாத்திரம் இரண்டு பையன்களின் விடுதலை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. சகோதரிகள் ஐக்கியத்தில் இப்போது வட்டியில்லாத ஒரு கைமாற்று நிதி நடக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்திலும் ஆஸ்பத்திரிச் செலவு வந்தபோதும் அதுதான் கைகொடுத்தது. பெரிய தொகை ஒன்றும் இல்லை, சில மாதம் டப்பா காலியாகத்தான் கிடக்கிறது.

அந்த நோட்டை வைத்திருப்பது யார் தெரியுமா? மில்லிலிருந்து திரும்பி வந்த அந்தப் பிள்ளைதான். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என்னைவிட அவள் கேட்கிற கேள்வி கூர்மையாயிருக்கும். போன மாதம் ஒரு தாயார் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தாய்லாந்தில் வேலை, அடுத்த வெள்ளிக்கிழமை ஃபிளைட், ஜெபம் பண்ண வேண்டும் என்றார்கள். அவள் நோட்டைத் திறந்தாள். "கம்பெனி பேரு என்னக்கா?" தெரியவில்லை. "என்ன விசா?" டூரிஸ்ட் விசாதான், அங்கே போய் மாற்றித் தருவார்களாம். "ஏஜென்ட்டுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" அதற்குப் பதில் இல்லை. நகையை அடகு வைத்திருந்தார்கள். அன்றைக்கு நான் பயணத்துக்காகக் கைவைத்து ஜெபிக்க மறுத்துவிட்டேன். என் ஊழியத்தில் ஒருவருக்கு ஜெபிக்க மறுத்தது அதுதான் முதல் தரம். "என் பிள்ளை முன்னேறுறது உங்களுக்குப் பொறுக்கலை" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வெளியே போனார்கள்.

பையன் போகவில்லை. பாஸ்போர்ட் வீட்டுப் பீரோவில் இருக்கிறது, ஏஜென்ட் வாங்கின பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறான். அதற்காக போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு தரம் அவனோடு போய் வந்தோம். அந்தத் தாயார் 4 வாரமாக ஆராதனைக்கு வரவில்லை. நகை இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அவர்களுக்காகவும், அந்த மகனுக்கு இங்கேயே ஒரு வேலை கிடைக்கவும் இந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாரத்தோடு ஜெபிக்க வாருங்கள். காலை 10 மணிக்கு ஆரம்பம். வரும்போது கைமாற்று டப்பாவுக்கும் முடிந்ததைக் கொண்டுவாருங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்